அளவு ஜாக்கெட்

ஒரு இன்ச் டேப்பால ரெண்டு வருஷமா தூக்கம் கெட்டுக் கிடக்கிறவ இந்த ஊர்ல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். இதை எழுதணும்னு நாலஞ்சு தடவை ஆரம்பிச்சு, ரெண்டு பாரா டைப் பண்ணி, அழிச்சுட்டு கடையைத் தொறக்கப் போயிருக்கேன். எழுதினா அந்தப் பொண்ணோட வாழ்க்கையை எடுத்து லைக்குக்கு வித்த மாதிரி ஆயிடுமோன்னு ஒரு பயம், எழுதாம இருந்தா தொண்டையில மீன் முள்ளு மாட்டின அவஸ்தை. அதனால முதல்லயே சொல்லிடுறேன், அவ பேரு, ஊரு, வயசு எதுவும் இதுல வராது. அவளை யாரு எங்க கொண்டுபோய் வித்தாங்க, அங்க என்ன நடந்துச்சுங்கிறதும் வராது. அது எனக்கே முழுசாத் தெரியாது, நான் கேட்டதும் இல்ல. நான் பண்ணின ஒரு காரியத்தைப் பத்தித்தான் எழுதப்போறேன்.

நான் டெய்லர். 22 வருஷமா சென்னையில சின்னதா ஒரு கடை, ப்ளவுஸ், சுடிதார், ஃபால்ஸ், பிக்கோ, கொஞ்சம் ஆரி ஒர்க்கும் உண்டு. கடைக்கு வர்ற ஒரு கஸ்டமர், டிரஸ்ட் ஒண்ணுல வேலை பாக்கிறவங்க, ஒருநாள் கேட்டாங்க, எங்க ஹோம்ல பொண்ணுங்க இருக்காங்க, சனிக்கிழமை சனிக்கிழமை வந்து தையல் சொல்லிக்குடுப்பீங்களான்னு. எந்த மாதிரி ஹோம்னு கேட்டேன். குரலைத் தாழ்த்தி, கடத்திட்டுப் போய் வித்துட்டாங்க, ரெஸ்க்யூ பண்ணிக் கொண்டு வந்தவங்கன்னாங்க. உடனே சரின்னுட்டேன். பெருமையாவே இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து புருஷன்கிட்ட சொல்றப்ப குரல்ல ஒரு கனம் ஏறியிருந்தது எனக்கே தெரிஞ்சுது.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, நம்ம நாட்டுல ஒரு பொம்பளை எந்தக் குழியில இருந்து மேல ஏறி வந்தாலும் கடைசியில ஒரு தையல் மெஷின் முன்னாடி கொண்டுபோய் உக்கார வச்சிடுவாங்க. புருஷன் செத்தாலும் தையல் மெஷின், வெள்ளம் வந்தாலும் தையல் மெஷின், ஜெயில்ல இருந்து வந்தாலும் அதேதான். அதுவும் இல்லன்னா மெழுகுவர்த்தி, ஊறுகாய், அப்பளம். அந்தத் தொழில்லயே இருக்கிறவ சொல்றேன், தையல் ஒண்ணும் லேசான வேலை இல்ல, கண்ணு போகும், இடுப்பு போகும், தீபாவளிக்கு முன்னாடி பதினஞ்சு நாள் சோறு திங்க நேரம் இருக்காது, அப்புறம் ஆடி மாசம் ஈ ஓட்டணும். இருந்தும் அன்னிக்கு அந்தப் பொண்ணுங்களுக்கு வேற ஏதாவது புடிக்குமான்னு எனக்குத் தோணவே இல்ல. பதினோரு பேரு, ஆறு மெஷின், அதுல ரெண்டுல எப்பவும் நூல் அறுந்துகிட்டே இருக்கும்.

அந்தப் பதினோரு பேர்ல அவதான் என்னோட பெஸ்ட் ஸ்டூடண்ட். மத்தவங்க எல்லாம் படுத்துவாங்க. ஒருத்தி திடீர்னு பாதியில எழுந்து போயிடுவா, ஒருத்தி கத்திரிக்கோலுக்கு சண்டை போடுவா, ஒருத்தி வகுப்பு முழுக்க சிரிச்சுகிட்டே இருப்பா, காரணமே இருக்காது. இவ மட்டும் எதுக்கும் "சரிங்க்கா". பிரிச்சுத் தைம்மான்னா சரிங்க்கா, இன்னொரு தடவை பிரின்னா சரிங்க்கா. பாபின் எல்லாம் சுத்தி வைம்மா, சரிங்க்கா. ஒருநாள் காய்ச்சல்ல உடம்பு கொதிக்குது, நான் தெரியாம கட்டிங் பண்ணச் சொல்லிட்டேன், அதுக்கும் சரிங்க்காதான், தொட்ட துணியே சூடா இருந்துச்சு. வார்டன் மேடம்கிட்ட நானே சொல்லியிருக்கேன், இவளை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்குக் கவலையே இல்ல மேடம், சொன்ன பேச்சு கேக்கிற தங்கமான பொண்ணுன்னு. மேடமும், ஆமாங்க, வந்ததுல இருந்து அவளால ஒரு தொந்தரவும் இல்லன்னாங்க.

அந்த சனிக்கிழமை

ப்ளவுஸ் கட்டிங் ஆரம்பிச்ச வாரம். கட்டிங்குக்கு முன்னாடி அளவெடுக்கக் கத்துக்கணும்ல. போர்டுல வரைஞ்சு காட்டினேன், ஷோல்டர், மார்புச் சுற்றளவு, இடுப்பு, முன் கழுத்து இறக்கம், கைக்குழி. யாராவது ஒருத்தியை நிக்க வச்சுக் காட்டினாத்தான் புரியும். யாரைக் கூப்பிடுவேன், தங்கமான பொண்ணைத்தான். வாம்மா இங்கன்னேன். வந்து நின்னா. நான் போர்டைப் பாத்துப் பேசிகிட்டே, அவ பின்னாடி போய், டேப்பை ரெண்டு கையிலயும் புடிச்சு, தோள் மேல போட்டு முன்பக்கமா இழுத்தேன். 22 வருஷத்துல எத்தனை ஆயிரம் தடவை பண்ணியிருப்பேன், கை தானா போகும்.

அவ கத்தல. தட்டி விடல. நகரக்கூட இல்ல. நான் சொல்லாமலே ரெண்டு கையும் மெதுவா பக்கவாட்டுல தூக்கிச்சு, துணிக்கடை வாசல்ல நிக்குமே பொம்மை, அப்படி. கண்ணு எதிர் செவத்துல இருந்த காலண்டர்ல நின்னு போச்சு. மூச்சு விடுறாளான்னே தெரியல. நான் அப்பவும் புரிஞ்சுக்காம, ஆ, இப்படித்தான் நிக்கணும், பாத்துக்கங்கன்னு மத்தவங்களுக்கு சொல்லி, மார்புச் சுற்றளவு எடுத்தேன், 32, இடுப்பு எடுத்தேன், நம்பரை சத்தமா சொல்லச் சொல்ல ஒருத்தி எழுதிகிட்டா. அந்த ரூம் அமைதியா இருந்ததை நான் கவனமாப் பாடம் கேக்கிறாங்கன்னு நினைச்சுகிட்டேன். அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல. முடிச்சுட்டு, போய் உக்காரும்மான்னேன். போகல. திரும்பவும் சொன்னேன். கை ரெண்டும் இன்னும் தூக்கின வாக்குலயே இருக்கு. அப்பதான் முன்னாடி வந்து முகத்தைப் பாத்தேன்.

அங்க யாருமே இல்ல. இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல. வீட்டை விட்டு எல்லாரும் எப்பவோ கிளம்பிப் போயிட்டு, லைட்டை மட்டும் எரிய விட்டுட்டுப் போன மாதிரி ஒரு முகம்.

வயசுல மூத்த ஒரு அக்கா, எப்பவும் என்கூட சண்டை புடிக்கிறவங்க, மெஷினை விட்டு எழுந்து வந்தாங்க. தொடல. ரெண்டடி தள்ளி நின்னு அவ பேரைச் சொல்லி, "இது சனிக்கிழமை, இது தையல் கிளாஸ், மதியம் தக்காளி சாதம்"னு மூணு தடவை சொன்னாங்க, சாதாரணமா பேசுற குரல்ல. அவ கை இறங்குச்சு. கண்ணைச் சிமிட்டிட்டு என்னைப் பாத்தா. "சரிங்க்கா"ன்னா. நான் எதுவும் கேக்கவே இல்ல.

போய் உக்காந்து, அன்னிக்குக் குடுத்த வேலையை முழுசா முடிச்சா. தையல் கோணாம வந்திருந்துச்சு.

மரவட்டை

எங்க அக்கா பொண்ணு மனநல சமூகப் பணி படிச்சவ, ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறா. அன்னிக்கு ராத்திரி அவளுக்குப் போன் பண்ணி, பேர் எதுவும் சொல்லாம இப்படி ஆயிடுச்சுடின்னேன். அவ தட்டி விட்டிருந்தாக்கூட பரவாயில்லடி, என்னைத் திட்டியிருந்தாக்கூட பரவாயில்லன்னேன். அவ கேட்டா, சித்தி, மரவட்டையைத் தொட்டா என்ன பண்ணும்? சுருண்டுக்கும். சுருளணும்னு அது உக்காந்து யோசிச்சு முடிவு பண்ணுமா? ஓடவும் முடியாது, சண்டையும் போட முடியாதுன்னு ஆகிறப்ப உடம்பு மூணாவதா ஒரு வழி வச்சிருக்கு, உறைஞ்சு போறது. அதை மனசு முடிவு பண்றதில்ல, மனசைக் கேக்கிறதும் இல்ல. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா தினம் அதே வழியில உயிர் பொழைச்சவங்களுக்கு உடம்பு அதையே பழக்கமா வச்சுக்கும் சித்தி, ஆபத்து போயிடுச்சுன்னு அதுக்கு யாரும் லெட்டர் போடுறதில்லன்னா.

அப்புறம் அவ அனுப்பினதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், டிக்‌ஷனரியைப் பக்கத்துல வச்சுகிட்டு. ஸ்டாக்ஹோம்ல பாலியல் வன்முறை நடந்து ஒரு மாசத்துக்குள்ள சிகிச்சைக்கு வந்த 298 பெண்கள்கிட்ட பண்ணின ஆய்வு ஒண்ணு 2017-ல வந்திருக்கு. அதுல 70% பேருக்கு சம்பவத்தப்ப உடம்பு இப்படி உறைஞ்சு போயிருக்கு. அப்படி உறைஞ்சவங்களுக்குப் பின்னாடி மன அதிர்ச்சி நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல. இது பெரும்பாலும் ஒரு தடவை நடந்தவங்க கணக்கு. விக்கப்பட்டவங்களுக்கு ஒரு தடவையா? ஓடினா ஊர்ல இருக்கிற தங்கச்சியைத் தூக்குவோம்பாங்க, உன்னை வாங்கின காசைக் கழிச்சுட்டுப் போம்பாங்க, போலீஸ்கிட்ட போனா உன்னைத்தான் உள்ள போடுவாங்கன்னு சொல்லி வச்சிருப்பாங்க, பல நேரம் அது உண்மையாவும் இருந்திருக்கு. அந்த மாதிரி இடத்துல "வேணாம்"னு சொன்னவளுக்கு அடி, சோறு கிடையாது, அதை விட மோசமும் உண்டு. அதனால அந்த வார்த்தையை நாக்கு மறந்துடும். மறந்தவதான் அங்க தாக்குப் பிடிப்பா.

இது விளங்கினப்புறம் எனக்கு அந்த "சரிங்க்கா" எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சு. காய்ச்சல்ல சொன்ன சரிங்க்கா. மூணு தடவை பிரிக்கச் சொன்னப்ப சொன்ன சரிங்க்கா. நான் எதைத் தங்கம்னு மெச்சிகிட்டு இருந்தேனோ, அது அவளை வச்சிருந்தவன் அடிச்சு உண்டாக்கினது. அவனுக்கு அப்புறம் அதோட பலனை நான் அனுபவிச்சிருக்கேன், சனிக்கிழமை சனிக்கிழமை. இந்த இடத்துல வந்துதான் எழுதினதை எல்லாம் அழிப்பேன். இந்தத் தடவை அழிக்கல.

கோர்ட்டு, போலீஸ், சொந்தக்காரங்க, எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், ஏன் ஓடல, ஏன் அப்பவே சொல்லல. 2013-ல ஐபிசி 370-ஐ மாத்தி எழுதினப்ப, ஆள் கடத்தல் குற்றமா இல்லையான்னு பாக்கிறதுல பாதிக்கப்பட்டவரோட சம்மதம் ஒரு பொருட்டே கிடையாதுன்னு எழுத்துலயே போட்டுட்டாங்க, இப்ப அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 143-லயும் அது அப்படியே இருக்கு. சட்டம் கேக்காதேன்னு சொன்ன கேள்வியை டீக்கடை வரைக்கும் எல்லாரும் கேக்கிறாங்க. நான் வாயால கேக்கல, அவ்வளவுதான்.

தைலம்

அந்த வகுப்புல எப்பவும் ஒரு வாசனை அடிக்கும், மெஷின் எண்ணெயும் தலைவலித் தைலமும் கலந்து. பதினோரு பேர்ல ஏழெட்டுப் பேர் நெத்தியில தடவிகிட்டுத்தான் வருவாங்க. தலை வலிக்குது, இடுப்பு வலிக்குது, கிறுகிறுன்னு வருது. நான் மனசுக்குள்ள, ஆமா, வேலைன்னா வலி வந்துடுமேன்னு நினைச்சதுண்டு. லண்டன்ல உள்ள ஒரு பொது சுகாதாரக் கல்லூரிக்காரங்க ஐரோப்பாவுல இப்படி மீட்கப்பட்டு வந்த 192 பெண்கள்கிட்ட எடுத்த கணக்கு 2008-ல வந்திருக்கு. 82% பேருக்குத் தலைவலி, 81% பேருக்கு சும்மா இருந்தாலே அசதி, 70% பேருக்குக் கிறுகிறுப்பு, 69% பேருக்கு முதுகுவலி, 62% பேருக்கு ஞாபக மறதி. படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். யாரோ எங்க சனிக்கிழமை வகுப்புல வந்து ஒளிஞ்சிருந்து எழுதிட்டுப் போன மாதிரி இருந்துச்சு.

அந்த ஞாபக மறதி இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப உறைச்சுது. பாபின் கேஸை எந்தப் பக்கம் மாட்டணும்னு நாலு வாரம் சொன்னாலும் அஞ்சாவது வாரம் தலைகீழா மாட்டுவாங்க, நான் கத்துவேன். சரி, என்கிட்ட ஒரு பாபின்தான் போச்சு. மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வாக்குமூலம் குடுக்கிறப்ப? எந்தத் தேதி, எந்த ட்ரெயின், முதல்ல பாத்தது யாரு, ரூம்ல எத்தனை கதவு. ஒரு தடவை மூணு மாசம்னுவாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு கேஸ் நடக்கிறப்ப எட்டு மாசம்னுவாங்க. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதாதா, முன்னுக்குப் பின் முரண்னு முடிச்சுடுவாரு. அடிபட்ட ஞாபகம் துணி கிழிஞ்ச மாதிரி துண்டு துண்டா இருக்கும் சித்தி, வாசனை ஞாபகம் இருக்கும், செவத்து கலர் ஞாபகம் இருக்கும், தேதி இருக்காதுன்னா எங்க அக்கா பொண்ணு. உலக சுகாதார நிறுவனத்தோட புது நோய்ப் பட்டியல், 2022-ல அமலுக்கு வந்தது, அதுல இந்த மாதிரி நீண்ட நாள் கொடுமைக்கு அப்புறம் வர்றதைத் தனி நோயாவே சேத்துட்டாங்களாம். பயம், கெட்ட கனவு இதோட நிக்காம, கோபத்தையும் அழுகையையும் அடக்க முடியாம போறது, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு உள்ளுக்குள்ள ஊறிப்போறது, யாரையும் கிட்ட விட முடியாம போறது, இது மூணும் சேந்து வரும். காரணமே இல்லாம சிரிச்ச பொண்ணும், கத்திரிக்கோலுக்கு சண்டை போட்டவளும் அப்பதான் எனக்கு வேற மாதிரி தெரிஞ்சாங்க. சண்டை போடுறவ எவ்வளவோ தேறியிருக்கா.

அந்த மூத்த அக்கா ஒருநாள் ஊக்கு தைச்சுகிட்டே பேச்சுவாக்குல சொன்னாங்க. வீட்டுக்குப் போனப்ப அண்ணன் வாசல்லயே நிறுத்தி, கெட்டுப்போனவளை உள்ள விட்டா என் பொண்ணுக்கு மாப்பிள்ளை எப்படி வரும்னு கேட்டானாம். "நான் கெட்டுப்போயிட்டேன், சரி. நான் அனுப்பின காசுல போட்ட மாடி மட்டும் கெடாம இருக்கே, அது எப்படிங்க மேடம்"னாங்க. நம்ம பாஷையில பாலும் கெட்டுப்போகும், மாவும் கெட்டுப்போகும், பொண்ணும் கெட்டுப்போவா. பாலைக் கெடுத்த வெயிலை யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

ஹோம்

நம்ம ஊர்ல "ஹோம்"னா வீடுன்னு யாருக்கும் அர்த்தம் இல்ல. ஹோம்ல போட்டுட்டாங்க, ஹோம்ல இருந்து வந்தவ, இப்படித்தான் பேச்சே. நான் போன இடம் மோசமான இடம் இல்ல, சாப்பாடு நல்லா இருக்கும், மேடம் யாரையும் கை நீட்ட மாட்டாங்க. ஆனா கேட்டுக்கு வெளிப்பக்கம் பூட்டு, ஜன்னலுக்கு வலை, போன் வார்டன் ரூம்ல மட்டும், பக்கத்துக் கடைக்கு ஷாம்பூ வாங்கப் போகணும்னா ரெஜிஸ்டர்ல எழுதி ஆள் கூடப் போகணும். கடத்தினவன் கும்பல் தேடி வரும்னு பயம், அதுவும் நியாயம்தான். இருந்தாலும் ஒரு பூட்டின ரூம்ல இருந்து எடுத்து இன்னொரு பூட்டின ரூம்ல வச்சுட்டு, இப்ப நீ ஃப்ரீம்மான்னு சொன்னா உடம்பு எப்படிப் புரிஞ்சுக்கும்? பெண்களைக் கடத்திப் பாலியல் தொழில்ல தள்ளுறதைத் தடுக்கப் போட்ட 1956 சட்டத்துல, மாஜிஸ்ட்ரேட் நினைச்சா 1 வருஷத்துல இருந்து 3 வருஷம் வரைக்கும் பாதுகாப்பு இல்லத்துல வைக்கலாம்னு இருக்கு. செஞ்சவனுக்கு ஜாமீன் கிடைச்சு ஊர்ல சுத்துவான், இவ உள்ள எம்ப்ராய்டரி போட்டுகிட்டு இருப்பா.

இதுல நம்ம மெட்ராஸுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. இந்தியாவுல எச்ஐவி இருக்குன்னு முதல்முதலா தெரிஞ்சது 1986-ல, பாலியல் தொழில்ல புடிபட்டு மெட்ராஸ் விஜிலன்ஸ் ஹோம்ல வச்சிருந்த பெண்களோட ரத்தத்துலதான். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி, அவங்க மாணவி நிர்மலா அங்க போய் சாம்பிள் எடுத்து, வைக்க வசதி இல்லாம வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு, வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணி, ஆறு பேருக்கு பாசிட்டிவ். அந்த ரெண்டு பேரோட தைரியத்துக்கு ஒரு கும்பிடு, அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா நான் டேப்பை எடுத்துட்டுப் போனவ இல்லையா, எனக்கு அந்த ஆறு பேரைத்தான் தோணுது. கையை நீட்டும்மான்னா நீட்டியிருப்பாங்க. பழகின கை. அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு நான் படிச்ச எதுலயும் வரல.

1990-ல பம்பாய்ல பாலியல் தொழில் நடக்கிற காமாத்திபுரா பக்கம் இருந்து 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்களை ஒரே ட்ரெயின்ல ஏத்தி இங்க கொண்டு வந்தாங்க, ட்ரெயினுக்கு வச்ச பேரு முக்தி எக்ஸ்பிரஸ். முக்தி! அவங்க சம்மதமே கேக்காம எச்ஐவி டெஸ்ட் எடுத்தாங்க. பாசிட்டிவ்னு வந்த பெண்களை வெளிய விடாம ஹோம்ல அடைச்சு வச்சது ஹைகோர்ட் வரைக்கும் போய், ஒரு பெண் பத்திரிகையாளர் கேஸ் போட்டுத்தான் விட்டாங்க. 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு உத்தரவுல, பாதுகாப்பு இல்லங்கள்ல விருப்பம் இல்லாம அடைச்சு வச்சிருக்கிற மேஜர் பெண்களைக் கணக்கெடுத்து வெளிய விடுங்கன்னு மாநிலங்களுக்கு சொன்னது. 1990-க்கும் 2022-க்கும் நடுவுல 32 வருஷம்.

நேபாளக் கதை இதுக்கு நேர் எதிரா ஒரு பக்கம் திரும்பினதால சொல்றேன். 1996 பிப்ரவரியில அதே பம்பாய்ல பெரிய ரெய்டு, மீட்டவங்கள்ல 200-க்கும் மேல நேபாளப் பொண்ணுங்க. சொந்த நாடே கூப்பிட்டுக்கத் தயங்குச்சு, நோயைக் கொண்டு வந்துடுவாங்கன்னு பேச்சு, நேபாளிங்கிறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேள்வி. மாசக்கணக்கா இங்க ஹோம்ல கிடந்து, 128 பேர் காத்மாண்டு போய்ச் சேந்தாங்க. அவங்கள்ல சிலர் சேந்து தொடங்கினதுதான் சக்தி சமூஹா, 2013-ல மகசேசே விருது வாங்கின அமைப்பு. அதுல ஒருத்தர் சரிமாயா தமாங், 16 வயசுல கடத்தி, 22 மாசம் பம்பாய்ல அடைச்சு வச்சிருந்தாங்க. ஊருக்குத் திரும்பினதும் ஒதுக்கி வச்சாங்க. அவங்க நேரா போய்த் தன்னைக் கடத்தினவங்க மேல தானே கேஸ் குடுத்தாங்க, 1997-ல எட்டுப் பேருக்கு தண்டனை ஆச்சு. அந்தப் பெண்கள் ரொம்ப வருஷம் போராடினது எதுக்குன்னு நினைக்கிறீங்க, குடியுரிமைச் சான்றிதழுக்கு. அப்பாவோ அண்ணனோ வந்து இவ எங்க வீட்டுப் பொண்ணுன்னு கையெழுத்துப் போட்டாத்தான் அப்ப அது கிடைக்கும், அவங்க எங்க வரப்போறாங்க. பேப்பர் இல்லன்னா பேங்க் இல்ல, வேலை இல்ல, வாடகைக்கு ரூம் இல்ல. இதையெல்லாம் வெளிய இருந்து ஒருத்தர் யோசிச்சுக் குடுத்திருக்க முடியாது. நாங்க யோசிச்சா என்ன வரும், தையல் மெஷின்தான் வரும்.

மஞ்ச நூல்

அடுத்த வாரம் நான் டேப்பை எடுத்துட்டுப் போகல. எல்லாரும் ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டு வாங்க, அதை மேஜையில விரிச்சு அளவெடுக்கலாம்னுட்டேன். நம்ம பொம்பளைங்க பாதிப் பேரு கடையில அளவு ஜாக்கெட்தானே குடுக்கிறாங்க, ஆம்பளை டெய்லர் கை படக்கூடாதுன்னு யாரோ ஒரு பாட்டி எப்பவோ கண்டுபுடிச்ச வழி. 22 வருஷமா அதை சோம்பேறித்தனம்னு நினைச்சு கஸ்டமரைத் திட்டியிருக்கேன், அளவு ஜாக்கெட் சரியா வராதும்மா, நேர்ல எடுத்தாத்தான் ஃபிட்டிங் நிக்கும்னு.

அவகிட்ட மன்னிப்பு கேட்டேன். "அன்னிக்கு நான் கேக்காம பண்ணிட்டேன்மா, தப்பு. இனிமே கேட்டுட்டுத்தான் எதையும் பண்ணுவேன்"னேன். என்ன சொல்லியிருப்பா? சரிங்க்கா. அப்பதான் புரிஞ்சுது, கேட்டுட்டுப் பண்றதால ஒரு புண்ணியமும் இல்ல. பூட்டு ஒரே பக்கம் திறக்குதுன்னா நீ தட்டிட்டு வந்தா என்ன, தட்டாம வந்தா என்ன. அக்கா பொண்ணு சொன்னா, ஆமா இல்லன்னு கேக்காதீங்க சித்தி, இதுவா அதுவான்னு கேளுங்க, சின்னச் சின்ன விஷயத்துல. சரின்னு ரெண்டு நூல்கண்டை நீட்டி, எதுல தைக்கிறேன்னேன். "உங்களுக்கு எது புடிக்குதோ அது அக்கா." அடுத்த வாரமும் அதேதான், அதுக்கடுத்த வாரம் ரெண்டையும் மாறி மாறிப் பாத்து, முகத்துல வேர்த்துடுச்சு. நூல்கண்டுக்கு வேர்க்குமா ஒருத்திக்கு? வேர்த்துச்சு. ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, கரும்பச்சை ஜாக்கெட்டுக்கு பளீர்னு மஞ்ச நூலை எடுத்தா. டெய்லர் கண்ணுக்கு அது கொடுமை. நாக்கைக் கடிச்சுகிட்டேன். அந்த ஜாக்கெட் தூரத்துல இருந்து பாத்தா ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி இருந்துச்சு, அவ அதைப் போட்டுகிட்டு சுத்துனா.

அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துல கிளாஸுக்கு வர்றது நின்னு போச்சு. மேடம்கிட்ட கேட்டேன், வேலைக்குப் போறா, ஹாஸ்டலுக்கு மாறிட்டா, அவ்வளவுதான் சொல்ல முடியும்னாங்க. எனக்குக் கோபம்தான் வந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையேன்னு. நல்லா கை வந்த பொண்ணு, எக்ஸ்போர்ட் கம்பெனியில சேத்துவிட நான் வேற ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருந்தேன், அவகிட்ட கேக்காமத்தான்.

போன மாசம் பஸ் ஸ்டாப்ல பாத்தேன். நான் பாக்கல, அவதான் பாத்து, "அக்கா"ன்னு கூப்பிட்டா. கொஞ்சம் சதை போட்டிருந்தா, கையில டிபன் பை. மருந்து மொத்த வியாபாரக் கடையில பேக்கிங் வேலையாம், கம்ப்யூட்டர்ல பில்லு போடவும் கத்துக்கிறாளாம், இன்னும் தூக்கம்தான் சரியா வர்றதில்லைங்க்கா, லைட்டைப் போட்டுகிட்டுத்தான் படுக்கிறேன், ரூம்ல கூட இருக்கிற பொண்ணு கண்ணுல துணியைக் கட்டிகிட்டு தூங்கிக்கிறான்னா. தைக்கிறியாம்மா இப்பன்னு கேட்டேன். சிரிச்சுட்டா. அவ பல்லை நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"எனக்குத் தையல் சுத்தமா புடிக்காதுங்க்கா. அந்த மெஷின் சத்தமே ஆவாது. ஊசிதான் முன்னாடி வந்து நிக்கும் கண்ணுல."

"அட, ஒரு வருஷம் தைச்சியே! அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா?"

கேட்டு முடிச்சப்புறம்தான் என் காதுலயே விழுந்துச்சு. அவ ஒண்ணும் சொல்லல, என்னைப் பாத்துகிட்டே நின்னா. அவ பஸ் வந்துச்சு, கூட்டம். டிபன் பையைத் தோள்ல மாட்டிகிட்டு, வரேங்க்கான்னுட்டு ஏறிட்டா.